போத்தல் பாலின் கதை: 70 பாகை எங்கிருந்து வந்தது?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்கள் கடைசி வரை வாசியுங்கள்.

கொழும்பில் நாம் பிள்ளையோடு வெளியே போகாத நாள் குறைவு. வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போவதென்றால், காலி வீதி நெரிசல், கோட்டையில் பஸ் மாறுவது, புறக்கோட்டைச் சனம் எல்லாம் சேர்ந்து அரைநாள் போய்விடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இதில் பிரச்சினை இல்லை. போத்தல் பால் குடிக்கும் பிள்ளைக்கு நம்மில் பலர் செய்வது இரண்டு. காலையிலேயே பாலைக் கரைத்துப் பையில் போட்டுக்கொள்வது ஒன்று. போன இடத்தில் இளஞ்சூட்டுத் தண்ணீர் வாங்கிக் கரைப்பது மற்றது. இரண்டும் ஆபத்து. ஏன் என்று சொல்ல ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும்.

தாய்க்குப் பால் இல்லாவிட்டால் இன்னொரு பெண் பால் கொடுப்பது பழைய உலகின் வழி. நபி (ஸல்) அவர்களுக்குப் பாலூட்டிய ஹலீமா (ரலி) அவர்களை நாம் சிறுவயதிலேயே படித்திருக்கிறோம். பால்குடி உறவுக்கு மார்க்கத்தில் தனிச் சட்டமே உண்டு. மாவைத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது மிகப் புதிய வழக்கம். 1860களில் ஜெர்மனிய இரசாயனவியலாளர் லீபிக் குழந்தை உணவு ஒன்றைத் தயாரித்தார். 1867இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பசும்பால், கோதுமை மா, சீனி சேர்த்த மாவைக் கொண்டுவந்தார். தண்ணீர் சேர்த்தால் போதும் என்பதே அதன் பெரிய வசதி. ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, போத்தல் எப்படிக் கழுவப்படுகிறது என்பதை எந்த டின்னும் கவனித்துக்கொள்ளாது. அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் நீண்ட இறப்பர் குழாய் வைத்த பால் போத்தல்கள் இருந்தன. குழாயின் உள்ளே கழுவ முடியாது, கிருமி பெருகும். பல குழந்தைகள் இறந்த பிறகு 1910இல் பிரான்ஸ் அவற்றைச் சட்டம் போட்டுத் தடை செய்தது.

நமது ஊருக்கு வருவோம். கொழும்பில் டி சொய்சா மகப்பேற்று மனை 1879இல் திறக்கப்பட்டது. லபுகம நீர்த்தேக்கத்துத் தண்ணீர் நகரக் குழாய்களுக்கு வந்தது 1880களில். 1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கியது. இன்று எம்.ஓ.எச். அலுவலகம், கிளினிக், வீடு தேடி வரும் மிட்வைஃப் என்று நாம் பழகியிருக்கும் ஏற்பாட்டுக்கு அதுதான் வித்து. நெஸ்லே கம்பனி இலங்கையில் வியாபாரம் தொடங்கியது 1906இல். ஆக, டின்பாலும் குழாய்த் தண்ணீரும் மிட்வைஃப்பும் ஏறக்குறைய ஒரே தலைமுறைக் காலத்தில் இங்கே வந்து சேர்ந்தவை. மூன்றும் ஒன்றாகக் கிடைத்த வீட்டில் பிள்ளை தப்பியது. டின் மட்டும் வந்து மற்ற இரண்டும் வராத வீட்டில் என்ன நடக்கும் என்பதை முதலில் உரக்கச் சொன்னவர் ஒரு பெண் வைத்தியர்.

அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். யமேக்காவில் பிறந்தவர். 1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பு ‘பாலும் கொலையும்’. கம்பனிகள் தாதியர் போல உடுத்த பெண்களை ஏழைத் தாய்மாரிடம் அனுப்பிச் சீனி சேர்த்த டின்பாலை விற்றன. தாய்ப்பால் வற்றிய பிறகு அந்தத் தாய்க்கு டின் வாங்கக் காசு இல்லை. கிடைத்ததை நீர்க்கக் கரைத்தாள். பிள்ளை வயிற்றோட்டத்திலும் பட்டினியிலும் போனது. இதைக் கொலை என்றே சொல்ல வேண்டும் என்றார் அந்த வைத்தியர்.

அந்தக் குரலை உலகம் கேட்க 40 வருடம் எடுத்தது. 1974இல் பிரிட்டனில் ‘குழந்தைக் கொலையாளி’ என்ற சிறுநூல் வந்தது. 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருட்களைப் பகிஷ்கரிக்கும் இயக்கம் தொடங்கியது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளை விற்பதற்கான சர்வதேசக் கோவையை நிறைவேற்றியது. ஆதரவு 118, எதிர்ப்பு 1. எதிர்த்த ஒரே நாடு அமெரிக்கா. இலங்கையும் 1980களின் தொடக்கத்திலேயே தனக்கென்று ஒரு கோவையைக் கொண்டுவந்தது. குழந்தைப் பால்மாவுக்கு நமது தொலைக்காட்சியில் விளம்பரம் வராததற்கு இதுதான் காரணம். 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, இங்கே ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 82 வீதம் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள். பல பணக்கார நாடுகளில் இந்த அளவு இல்லை. நாம் பெருமைப்படலாம்.

ஆனால் மீதி 18 வீதமும் நம் பிள்ளைகள்தான். தாய் இல்லாத பிள்ளை, தாய் வெளிநாட்டில் வேலை செய்ய உம்மும்மாவிடம் வளரும் பிள்ளை, தாய் மருந்து எடுக்கும் பிள்ளை என்று எத்தனையோ. அந்தத் தாய்மாரைக் குறை சொல்வதால் எந்தப் பிள்ளைக்கும் பலன் இல்லை. போத்தலைப் பாதுகாப்பாகக் கரைக்கச் சொல்லிக் கொடுப்பதே பலன்.

இந்த ஊர் மக்களுக்கு ‘வெளியே’ என்ற சொல்லின் பாரம் தெரியும். 1983 ஜூலையில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வீடுகள் எரிந்தபோது, தமிழ்ச் சனம் கைக்குழந்தைகளோடு முகாம்களுக்கு ஓடியது. பலர் கப்பலில் காங்கேசன்துறை போனார்கள். 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். அவர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டுதான் நடந்தார்கள். கொதிநீர் இல்லாத இடத்தில் பால்மா என்ன செய்யும் என்பதற்கு 2006 யோக்யகார்த்தா பூகம்பம் சாட்சி. அங்கே நன்கொடைப் பால்மா கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றோட்டம் மற்றவர்களை விட இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. கொடுத்தவர்களின் எண்ணம் நல்லதுதான். ஆனால் தண்ணீர் நல்லதாக இருக்கவில்லை.

இனி 70 பாகைக்கு வருவோம். தண்ணீர் சுத்தம் என்றால் போதும் என்றே உலகம் நீண்ட காலம் நினைத்தது. 2001இல் அமெரிக்காவின் டெனசி மாநில வைத்தியசாலை ஒன்றில், குறைமாதத்தில் பிறந்த குழந்தை மூளைக்காய்ச்சலால் இறந்தது. கிருமி வந்த இடம் பால்மாவேதான். புதிய டின்னில் உள்ள மாவும் கிருமி முற்றாக நீக்கப்பட்டதல்ல என்பது அப்போதுதான் பரவலாகத் தெரிந்தது. அந்தக் கிருமிக்கு இப்போதைய பெயர் குரோனோபக்டர். காய்ந்த மாவில் உயிரோடு கிடக்கும். வெதுவெதுப்பான பாலில் வேகமாகப் பெருகும். அதனால் 2007இல் உலக சுகாதார அமைப்பு, மாவைக் கரைக்கும் தண்ணீர் 70 பாகை செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்று வழிகாட்டியது. அந்தச் சூடு தண்ணீரை மட்டுமல்ல, மாவில் உள்ள கிருமியையும் கொல்வதற்கானது. இளஞ்சூட்டுத் தண்ணீர் கிருமிக்கு விருந்து வைத்தது போல.

ஆகவே வெளியே போகும்போது:

1. அளந்த மாவைச் சுத்தமான, காய்ந்த, மூடியுள்ள டப்பாவில் தனியாகக் கொண்டுபோங்கள். போத்தலும் சூப்பியும் வீட்டிலேயே அவித்து மூடியிருக்கட்டும்.

2. கொதித்த தண்ணீரை நல்ல பிளாஸ்க்கில் நிறைய ஊற்றி இறுக மூடுங்கள். அப்படிச் செய்தால் சில மணித்தியாலம் சூடு நிற்கும். அரைப் பிளாஸ்க் சீக்கிரம் ஆறிவிடும். கடையில் வாங்கும் போத்தல் தண்ணீரும் கொதிக்க வேண்டியதுதான்.

3. பிள்ளை பசிக்கும்போது மட்டும் கரையுங்கள். கையைக் கழுவி, முதலில் தண்ணீர், பிறகு மா. டின்னில் சொன்ன அளவுதான். பிறகு மூடிய போத்தலைக் குளிர்ந்த தண்ணீரில் பிடித்து ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்.

4. கரைத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் குடிக்காத பாலை ஊற்றிவிடுங்கள். மறுபடி சூடாக்கிக் கொடுக்க வேண்டாம். கொழும்பு வெயிலில் இரண்டு மணித்தியாலமே அதிகம்.

இன்னும் ஒன்று. நம் பேச்சில் ‘பால்மா’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளுக்கு ஓடுகிறது. தேநீருக்குப் போடும் முழு ஆடைப் பால்மா வேறு, குழந்தைப் பால்மா வேறு. முதலாவது ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளையின் போத்தலுக்கு உரியதல்ல. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மாப் பக்கெட் 790 ரூபாவுக்கு ஏறியது நமக்கு மறக்காது. விலை ஏறும்போது மா குறையும், தண்ணீர் கூடும். சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சொன்னது அதைத்தான். காசு போதவில்லை என்றால் நீர்க்கக் கரைக்காதீர்கள். கிளினிக்கில் மிட்வைஃப்பிடம் சொல்லுங்கள், வெட்கம் வேண்டாம். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், நமது ஸதக்கா முதலில் போக வேண்டிய இடம் அதுதான்.

உம்மும்மாமாருக்கும் பாட்டிமாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். பல வீடுகளில் போத்தல் கரைப்பது அவர்களின் கைதான்.