தென்கரை ரயில் நீட்டிப்பு: திட்டமிடலில் மக்கள் கருத்து

தென்கரை ரயில் என்பது அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பாஸ்டன் புறநகர் ரயில் சேவையை டான்டன், ஃபால் ரிவர், நியூ பெட்ஃபோர்டு நகரங்கள் வரை நீட்டித்த திட்டம். 2025 மார்ச் 24 அன்று பயன்பாட்டுக்கு வந்தது. 2009இல் வெளியான வழித்தட வளர்ச்சித் திட்டம், எங்கே குடியிருப்பு எழலாம், எந்த நிலத்தைக் காக்க வேண்டும் என்பதை 31 ஊர்களுடன் கலந்து வகுத்தது. ஸ்டோட்டன் வழியான நேர்ப்பாதை ஹாக்கோமாக் சதுப்பு நிலத்தை ஊடறுப்பதால் எதிர்ப்புக்குள்ளானது. 2017இல் அது பிந்தைய கட்டத்துக்குத் தள்ளப்பட்டு, மிடில்பரோ வழி முதற்கட்டமானது. கருத்து வேறுபாடு கூர்மையடைந்தது இங்கேதான். தென்கரைக்கான கிளைப்பாதை, மிடில்பரோ தடத்தில் அதுவரை இயங்கிவந்த லேக்வில் நிலையத்துக்கு முன்பே பிரிவதால், அங்கு நின்று செல்லும் ரயில் வந்த வழியே திரும்ப நேரும். ஆகவே பாதை பிரியும் இடத்திலேயே புதிய மிடில்பரோ நிலையம் கட்டப்பட்டது. லேக்வில் தரப்பு ஆட்சேபித்தும், ரயிலை நம்பிப் பழைய நிலையத்தையொட்டிக் குடியேறியோர் அன்றாடச் சேவையை இழந்தனர்.