மங்குக்கு ஊசி வந்த கதை

ஆரணியில் பட்டுத் தறிக்கான பாவைக் காலையிலேயே தெருவில் நீட்டிவிடுவார்கள். இழை ஒதுக்கி, அறுந்ததை முடிந்து, சுருட்டி எடுப்பதற்குள் வெயில் முகத்தில் ஏறிவிடும். அந்த வேலையில் நிற்கும் பெண்களில் சிலருக்குக் கன்னத்து மேட்டிலும் மூக்குத் தண்டிலும் பழுப்பாகப் படர்கிறது மங்கு. வெயிலோடு கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை எல்லாம் அதற்குக் காரணம். இன்று தோல் மருத்துவர்கள் மங்குக்குச் செய்யும் சிகிச்சைகளில் ஒன்று ஊசி உருளை, அதாவது டெர்மா ரோலர். ஆனால் அது பிறந்தது மங்குக்காக அல்ல.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஆண்ட்ரே கமிராண்ட் என்ற ஒட்டறுவை மருத்துவரிடம், முகச் சுருக்கம் நீக்கும் அறுவைக்குப் பின் வெளுத்த தழும்போடு சிலர் வந்தார்கள். தழும்பை மறைக்க, தோல் நிறத்தில் மை எடுத்துப் பச்சை குத்தினார். ஓரிரு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது மை போயிருந்தது. தழும்போ தோலின் இயல்பான நிறத்துக்கு வந்திருந்தது, மேடும் தணிந்திருந்தது. அப்படியானால் வேலை செய்தது மையல்ல, ஊசிதான். கமிராண்டும் உடன் பணியாற்றிய ஜோசலின் டூசேயும் அடுத்துவந்த தழும்புகளில் மையே இல்லாமல் குத்திப் பார்த்து, 1997இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் என்ற மருத்துவர் மேலுதட்டுச் சுருக்கங்களுக்கு ஊசி குத்திப் பார்த்து, பிறகு உருளைக் கருவியை உருவாக்கினார்.

வழக்கமான உருளையில் வரிசைக்கு 24 ஊசியாக 8 வரிசை, மொத்தம் 192 ஊசிகள். ஜக்கார்டு பெட்டியில் ஊசிகள் அணிவகுத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைப்பு சட்டென்று பிடிபடும். மரத்துப்போகும் களிம்பு பூசி, தோலை இழுத்துப் பிடித்து, நேராகவும் குறுக்காகவும் உருட்டுகிறார்கள். புள்ளி புள்ளியாக ரத்தம் துளிர்க்கும். உடல் அதைக் காயம் என்று எடுத்துக்கொண்டு தோலைத் தாங்கும் புரதமான கொலாஜனைப் புதிதாக நெய்யத் தொடங்கும். மேல்தோல் உரிவதில்லை என்பதால் காயம் விரைவில் மூடிக்கொள்ளும்.

வெளுத்த தழும்புக்கு நிறம் கொடுத்த ஊசி, நிறம் மிகுந்த மங்குக்கு எப்படி உதவும்? இங்கே அதன் முதன்மையான வேலை வழி திறப்பது. மேல்தோல் தடுத்து நிறுத்தும் மருந்தை, குத்திய துளைகள் உள்ளே விடுகின்றன. அந்த மருந்துகளில் ஒன்று டிரானெக்சாமிக் அமிலம். பிரசவத்தில் ரத்தம் போய்த் தாய்மார் சாவதைத் தடுக்க வேண்டும் என்று ஜப்பானில் உடாகோ ஒகாமோட்டோவும் கணவர் ஷோசுகேயும் உழைத்து, 1962இல் உலகுக்கு அறிவித்தது அது. 1979இல் தோல் தடிப்புக்காக அதைச் சாப்பிட்ட ஒருவரின் மங்கு வெளிறியதை நிஜோ சதாகோ என்ற ஜப்பானிய மருத்துவர் கவனித்தார். நிறமிச் செல்களுக்கு வெயில் அனுப்பும் தூண்டுதலை அந்த மருந்து தணிக்கிறது.

ஊசியின் கதையும் மருந்தின் கதையும் பெங்களூரில் கூடின. அங்குள்ள தோல் மருத்துவர் லீலாவதி புதமகுண்ட்லாவும் குழுவினரும் மங்கு உள்ள 60 பேரைப் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அந்த மருந்தைச் சிறு ஊசிகளாகப் போட்டார்கள். மறுபாதிக்கு உருளை ஓட்டி, மருந்தைப் பூசினார்கள். 2013இல் வெளியான முடிவின்படி மங்கின் அளவு முதல் பாதியில் 35.72 சதவீதமும் இரண்டாவதில் 44.41 சதவீதமும் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் நம் நிறத்துத் தோலில் செய்த ஆய்வு என்பதால் நமக்கு அது முக்கியம்.

அதே எண்கள் இன்னொன்றையும் சொல்கின்றன: மங்கு குறைந்ததே தவிர அழிந்துவிடவில்லை. வெயிலுக்குக் காப்பில்லாமல் போனால் திரும்பவும் படரும். மாநிறத் தோலில் ஆழமாகக் குத்தினால் புதுக் கருமையே வரலாம். இணையத்தில் உருளை வாங்கி வீட்டில் ஓட்டுவதும், ஒரே உருளையை அக்கா தங்கை மாற்றிக்கொள்வதும் வேண்டாம். ரத்தம் வழியாகப் பரவும் நோய்களுக்கு அது கதவு திறந்துவிடும். ஆரணிக்குப் பக்கத்தில் வேலூரிலும் திருவண்ணாமலையிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. முதலில் தோல் மருத்துவரிடம் காட்டி, அது மங்குதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஊசி வேண்டுமா, களிம்பே போதுமா என்பதை அவர் சொல்லட்டும். எந்தச் சிகிச்சை எடுத்தாலும், பாவு நீட்டப் போகும் காலையில் முகத்தில் சன்ஸ்கிரீனும் தலையில் துண்டும் இருக்க வேண்டும்.