இடம் பெயர்ந்தும் பேர் அழியாத பட்டணம் கோயில்

குமணன்சாவடி என்னும் பெயரிலேயே வழிநடையின் நினைவு பொதிந்துள்ளது. நெடுவழியில் செல்வோர் தங்கி இளைப்பாறும் இடமே சாவடி. இவ்வூர் வழியே செல்லும் பூந்தமல்லி நெடுஞ்சாலை, கிழக்கு நோக்கிச் செல்லும் அன்பரைச் சென்னை மாநகரின் சென்ட்ரல் நிலையத்தருகே சேர்ப்பிக்கும். அதற்கு அண்மையில், பூக்கடையை அடுத்த தேவராச முதலித் தெருவில், ஸ்ரீ சென்னகேசவப் பெருமாளும் ஸ்ரீ சென்ன மல்லீசுவரரும் அருகருகே எழுந்தருளியுள்ளனர். பட்டணம் கோயில் என மக்கள் வழங்குவது இத்திருத்தலத்தையே.

எனினும் இக்கோயில் முதலில் எழுந்த இடம் இதுவன்று. 17-ஆம் நூற்றாண்டில், கோட்டைக்கு வடக்கே, இன்று உயர்நீதிமன்றம் விளங்கும் நிலத்தில் அது இருந்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். 1749-இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. அதன்பின், கோட்டையைச் சூழ்ந்து வெட்டவெளி வேண்டுமெனக் கருதிய கும்பினியார் பழைய ஊரை இடித்தனர். 1757-இல் கோயிலும் இடிக்கப்பட்டது. ஊரார் உள்ளம் புண்பட்டது.

1762-இல் மாற்றுநிலம் வழங்கப்பட்டது. ஆளுநர் பிகட்டின் துபாஷியும், இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரை ஆதரித்தவருமான மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் திருப்பணிக்கு முன்னின்றார். அவர் அளித்தது 5,202 வராகன். கும்பினியார் அளித்தது 1,173 வராகன். எஞ்சியதை ஊர்மக்கள் திரட்டினர். 1780-இல் திருப்பணி நிறைவெய்தியது. இடித்ததற்கும் எழுந்ததற்கும் இடையே 23 ஆண்டுகள் கழிந்தன. அத்தனை காலமும் மக்களின் பக்தி தளரவில்லை.

கடல் கடந்த நாட்டிலும் இவ்வுண்மை விளங்குகிறது. தோக்கியோ மாநகரில் 1920-இல் நிறுவப்பெற்ற ஷிண்டோ நெறியின் மெய்ஜி ஆலயம் 1945-இல் விமானத் தாக்குதலில் தீக்கிரையாயிற்று. பொதுமக்களின் காணிக்கையால் அது 1958-இல் மீண்டும் எழுந்தது.

பெருந்தொகை ஈந்தவரின் பெயரை வரலாறு போற்றுகிறது. காலணாவும் அரையணாவும் ஈந்தோர் பெயர்கள் ஏட்டில் ஏறுவதில்லை. ஆயினும் அவர்களின்றி எக்கோபுரமும் நிமிர்ந்ததில்லை. கல்லும் சுண்ணமும் காலத்தால் சிதையும், அரசால் இடியும். அவற்றை மீண்டும் எழுப்புவது அடியார் கூட்டத்தின் ஒருமித்த நெஞ்சமே. குடமுழுக்கு நாளில் திருப்பணிக்குக் கைகொடுத்த அன்பர் அனைவரும் இந்நெடிய மரபின் வழித்தோன்றல்களேயாவர். அவர்கட்கு எல்லா நலன்களும் இறைவன் அருளுவானாக!