1.3 மில்லிமீட்டர்: ஹபிளின் கண் மங்கிய கதை

லேசரை வைத்து அளந்தால் தப்பே வராதுன்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கை கவிழ்த்துவிட்ட ஒரு கதைதான் இன்னைக்கு.

1990 ஏப்ரல் 24. ஹபிள் தொலைநோக்கி விண்வெளிக்குக் கிளம்பியது. இரண்டே மாதத்தில் விஷயம் வெளியே வந்தது: படங்கள் மங்கல். 2.4 மீட்டர் அகலமுள்ள அதன் முதன்மைக் கண்ணாடி, ஓரத்தில் சுமார் 2 மைக்ரான் அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு. அவ்வளவுதான். நட்சத்திர வெளிச்சம் ஒரு புள்ளியில் குவியாமல் சிதற அதுவே போதுமானதாக இருந்தது.

தப்பு எங்கே நடந்தது? அந்தக் கண்ணாடியை மெருகேற்றியது அமெரிக்காவின் பெர்கின்-எல்மர் நிறுவனம். வடிவத்தைச் சோதிக்க 'நல் கரெக்டர்' என்று ஒரு கருவி செய்தார்கள். உள்ளே இரண்டு சின்னக் கண்ணாடிகள், ஒரு லென்ஸ். லென்ஸின் இடத்தைக் குறிக்க ஓர் அளவுகோல் தண்டு. அதன் முனையில் லேசரை அடித்து, திரும்பி வரும் ஒளியை வைத்துத் தூரத்தைக் கணக்கிட வேண்டும். முனைக்கு மேல் ஒரு மூடி, நடுவில் சின்னத் துளை. மூடியில் ஒளியைத் திருப்பி அனுப்பாத பூச்சு. அதில் கொஞ்சம் உதிர்ந்திருந்தது. லேசர் முனையில் படாமல், அந்த உதிர்ந்த இடத்தில் பட்டுத் திரும்பியது. லென்ஸ் 1.3 மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்தப்பட்டது.

கேளுங்க, லேசர் காட்டிய இடத்துக்கு லென்ஸை நகர்த்தவே முடியவில்லை. வாஷர் வைத்து இடைவெளியை நிரப்பினார்கள்! "இங்க எதுக்கு வாஷர்?" என்ற கேள்வி அன்றே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சோதனைக் கருவிகள் 'ஏதோ சரியில்லை' என்று காட்டின. அவற்றுக்குத் துல்லியம் குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள். இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. கல்லூரி லேபில் ஒட்டாத ரீடிங்கை அடித்துவிட்டு, கிராஃபை அழகாக வரைந்து மார்க் வாங்கியவன் நான்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்தக் கண்ணாடி தப்பான வடிவத்தில்தான் இருந்தது, ஆனால் அந்தத் தப்பு வடிவம் வெகு துல்லியமானது. பழைய நல் கரெக்டரும் கலைக்கப்படாமல் அப்படியே இருந்தது. அதை அளந்து, பிழை எவ்வளவு என்று கண்டுபிடித்தார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் ஐந்து முறை வெளியே இறங்கி, பிழையைச் சரிக்கட்டும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி ஹபிளுக்குப் பார்வை தெளிந்தது.

ஒரு கருவி எத்தனை தசம இடம் காட்டுகிறது என்பது வேறு, அது எதை அளக்கிறது என்பது வேறு. மூன்று கருவிகளில் இரண்டு முணுமுணுத்தால், அன்றைக்கு வேலையை நிறுத்தி அதைக் காதுகொடுத்துக் கேட்கணும். நான் அடித்துவிட்ட அந்த ரீடிங் என்ன சொல்ல வந்ததுன்னு எனக்கு இன்னும் தெரியாது.