மருத்துவ இடஒதுக்கீடு: 14இல் ஒன்று முதல் 3.5 சதவீதம் வரை

நீட் முடிவு வந்த வாரம் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், பள்ளிவாசல் வாசலில் இரண்டு மூன்று பெற்றோராவது நம்மை நிறுத்திக் கேட்பார்கள்: "ஹஜ்ரத், நம்ம கோட்டாவுல கிடைக்குமா?" அதே வாரம் இன்னொரு பேச்சும் காதில் விழும். "கோட்டாவில் படித்த டாக்டரிடம் எப்படி ஊசி போட்டுக்கொள்வது?" இரண்டு பேச்சுக்கும் பின்னால் ஏறத்தாழ நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. நமது பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ளாமலேயே கவுன்சிலிங் வரிசையில் நிற்கிறார்கள்.

சென்னை மாகாணத்தில் நீதிக்கட்சி ஆட்சிக் காலத்தில் தொடங்கியது வகுப்புவாரி உரிமை ஆணை. 1920களின் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தபோது 12 அரசு வேலைகளில் 2 முஸ்லிம்களுக்கு. 1947இல் ஆணை திருத்தப்பட்டது. மருத்துவக் கல்லூரியிலும் பொறியியல் கல்லூரியிலும் 14 இடங்களைப் பிரிப்பதாக இருந்தால், பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. மத்ரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்கு போட்டுப் பழகிய நமக்கு இந்தப் பங்கு முறை ஒன்றும் புதிதாகத் தெரியாது.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950லேயே இந்த ஆணை நீதிமன்றத்துக்குப் போனது. செண்பகம் துரைராஜன் என்ற பிராமணப் பெண், மருத்துவக் கல்லூரியில் தனக்கு இடம் மறுக்கப்படும் என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் மனு செய்தார். பொறியியலுக்கு சீனிவாசன் என்ற மாணவர் இன்னொரு மனு போட்டார். செண்பகம் கல்லூரிக்கு விண்ணப்பமே போடவில்லை என்பது பிறகு தெரியவந்தது. ஆனாலும் அரசு அதை ஆட்சேபிக்கவில்லை. தீர்ப்பு சாதகமாக வந்தால் ஓர் இடம் வைத்திருப்பதாகவும் ஒப்புக்கொண்டது. உயர்நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. 1951 ஏப்ரல் 9 அன்று உச்சநீதிமன்றமும் அதையே சொன்னது. மதம், சாதி ஆகியவற்றை மட்டுமே காரணமாக வைத்து அரசுக் கல்வி நிறுவனத்தில் இடம் மறுக்கக்கூடாது என்கிறது 29(2)ஆவது பிரிவு. வேலைவாய்ப்புக்கு 16(4) என்ற விதிவிலக்கு இருந்தது. கல்விக்கு அப்படி ஒன்று அப்போது இல்லை.

தமிழகம் கொந்தளித்தது. பெரியார் போராட்டத்தில் இறங்கினார். தீர்ப்பு வந்து இரண்டரை மாதத்துக்குள், 1951 ஜூன் 18 அன்று, முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்து 15(4) பிரிவு சேர்க்கப்பட்டது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கிய வகுப்பினருக்கு அரசு தனி ஏற்பாடு செய்யலாம் என்றானது. நம்மைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது இதுதான்: 'முஸ்லிம்' என்ற பெயரில் இருந்த 14இல் 1 போனது, திரும்ப வரவேயில்லை. அதன்பின் நாம் உள்ளே வந்தது 'பின்தங்கியவர்' என்ற வாசல் வழியாகத்தான். மத அடிப்படையில் கொடுக்கிறார்கள் என்று இன்றும் சொல்பவர்களுக்கு இதுவே பதில்.

2007இல் தமிழக அரசு பிற்படுத்தப்பட்டோருக்கான 30 சதவீதத்துக்குள்ளிருந்து முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் பிரித்துக் கொடுத்தது. கிறிஸ்தவர்களுக்கும் அதே அளவு கொடுக்கப்பட்டது, அவர்கள் கேட்டுக்கொண்டபடி பின்னர் திரும்பப் பெறப்பட்டது. நமக்கான 3.5, மதம் முழுவதற்கும் அல்ல. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), தக்னி, மாப்பிள்ளை, துதேகுலா, அன்சார், ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகளுக்கு மட்டும்.

கணக்கைப் பார்ப்போம். 100 எம்பிபிஎஸ் இடங்கள் உள்ள அரசுக் கல்லூரி என்றால் 15 இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போய்விடும். மீதி 85இல் 3.5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 3 இடம். ஆனால் இது உச்சவரம்பு அல்ல. நல்ல மதிப்பெண் எடுத்த நம் பிள்ளை 31 சதவீதப் பொதுப் போட்டியிலேயே இடம் பெறுவார், அந்த இடம் 3.5இல் கழியாது. "நமக்கு மூணு சீட்டுதான்" என்று பெற்றோர் சலித்துக்கொள்வது பிள்ளையின் படிப்பைத்தான் கெடுக்கிறது.

தகுதி பற்றிய பேச்சுக்கு வருவோம். ஒதுக்கீடு சேர்க்கை வாசலோடு முடிந்துவிடுகிறது. உள்ளே போன பிறகு உடற்கூறியல் தேர்வும் அறுவை சிகிச்சைத் தேர்வும் எல்லோருக்கும் ஒன்றே, தேர்ச்சி மதிப்பெண்ணும் ஒன்றே. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசிக்கு 27 சதவீதம் கொடுத்தது செல்லும் என்று 2022இல் சொன்ன உச்சநீதிமன்றமும், போட்டித் தேர்வு மதிப்பெண்ணில் குடும்பத்தின் வசதியும் சூழலும் கலந்திருக்கிறது என்பதை எடுத்துக்காட்டியது. லட்சம் கட்டி இரண்டு வருடம் கோச்சிங் போனவரையும் பீடி சுற்றும் தாயின் மகளையும் ஒரே தராசில் வைத்துவிட்டு அதைத் தகுதி என்கிறோம்.

எதிர்த் தரப்பு சொல்வதில் ஒன்றை நாம் மறுக்க முடியாது. தமிழக ஒதுக்கீட்டில் வருமான வரம்பு கிடையாது. நம் 3.5இலும் ஏற்றுமதி வியாபாரியின் மகனும் ஆம்பூர் தோல் தொழிலாளியின் மகளும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். யார் முன்னால் நிற்பார் என்பது தெரிந்ததே. இதைப் பேச நம் ஜமாஅத்துகள் கூச்சப்படுகின்றன.

அந்தத் தொழிலாளியின் மகளுக்கு இன்னொரு வழி உண்டு. 2020 சட்டப்படி அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 3.5 போன்ற வகுப்புவாரிப் பங்கீடு இதற்குள்ளும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளிகள் இதில் சேராது. நம் சமுதாயம் நடத்தும் உதவி பெறும் பள்ளியில் சேர்த்தவர்கள் இதை அறியாமல் இழந்திருக்கிறார்கள். கடன் வாங்கி மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பியவர்களும்தான்.

கடைசியாகச் சான்றிதழ். சாதிச் சான்றிதழில் 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது, ஏழு பிரிவுகளில் ஒன்றின் பெயர் இருக்க வேண்டும். அகில இந்திய ஒதுக்கீட்டில் 3.5 செல்லாது. அங்கே ஓபிசி 27 சதவீதம்தான், அதற்கு வசதி படைத்தோர் பிரிவில் வரவில்லை என்ற தனிச் சான்றிதழ் மத்திய அரசு படிவத்தில் வேண்டும். மாநிலப் பட்டியலும் மத்தியப் பட்டியலும் ஒன்றல்ல, எனவே உங்கள் பிரிவின் பெயர் மத்தியப் பட்டியலில் எப்படி இருக்கிறது என்று பார்த்து விண்ணப்பியுங்கள். பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும்போதே இ-சேவை மையத்துக்குப் போய்விடுங்கள். கவுன்சிலிங் நாளில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் அந்த மூன்றில் ஒன்று வேறு யாருக்கோ போயிருக்கும்.