யானையா, தேரா?

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷும் டிங் லிரனும் ஆடிய 14ஆவது ஆட்டத்தை, சுங்கை பட்டாணிப் பையன் ஒருவனுக்குத் தமிழில் விளக்கிப் பாருங்கள். சீக்கிரமே மாட்டிக்கொள்வீர்கள். சென்னைக்காரர் 'யானை' என்றால் அது மூலையில் நிற்கும் காய். மலாயில் ஆடிப் பழகியவனுக்கோ 'கஜா' குறுக்காகப் போகும் காய். நமக்கு அது மந்திரி. மலாயில் 'மெந்திரி' என்றால் ராணி! மூலைக்காயை அவன் 'தீர்' என்பான்.

அது நம்ம தேர்தான். கப்பல் 'காப்பால்' ஆனது, கடை 'கெடாய்' ஆனது. அதே வரிசையில் இதுவும். வில்லியம் மார்ஸ்டனின் சுமத்ரா வரலாறு, 1811 பதிப்பில், மலாய்க்காரர்களின் காய்களைச் சொல்லும்போது 'தேர்' என்றே எழுதுகிறது. கெடாவில் ரப்பர்த் தோட்டங்கள் வருவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பு! கடாரம் என்றாலே நமக்கு ராஜேந்திர சோழனின் 1025 படையெடுப்புதான் ஞாபகம் வருகிறது. எனக்கு இந்த ஒரெழுத்து மாறிய சொல்தான் பெரிய தடயம்.

தேர், யானை, குதிரை, காலாள் என்ற நாற்படையில் இருந்துதான் சதுரங்கம் என்ற பெயரே வந்தது. லூனாஸ் பக்கம் சீனப் பெரியவர்கள் ஆடும் சியாங்சியிலும் மூலையில் நிற்பது தேர். அவர்கள் விடவில்லை, மலாய்க்காரர்கள் விடவில்லை. நாம்தான் யானை, கோட்டை என்று போய்விட்டோம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டிங் வெள்ளை. முதலில் குதிரை எஃப்3. மூன்றாம் நகர்த்தலில் கஜா ஜி2. கிரன்ஃபெல்ட் தற்காப்பைத் திருப்பிப் போட்டதுபோல ஒரு தொடக்கம். அந்தக் கஜாவை மட்டும் பின்தொடருங்கள். சி6, எஃப்3, ஏ8, டி5, பி7 என்று எங்கே போனாலும் அதே நீண்ட மூலைவிட்டத்தை விட்டு இறங்கவே இல்லை. 53ஆவது நகர்த்தலில் மறுபடி ஏ8 மூலையில் போய் உட்கார்ந்தது.

அதுவரை ஆட்டம் சமநிலைதான். குகேஷுக்கு ஒரு காலாள் கூடுதல், அவ்வளவே. 55ஆவதில் டிங் தேரை எஃப்2இல் வைத்தார். குகேஷ் தேருக்குத் தேர் வெட்டினார். அடுத்து தன் கஜாவை டி5இல் நிறுத்தினார். மூலையில் கிடந்த கஜாவுக்கு ஓட வழியில்லை; அதுவும் மாற்றாகிப் போனது. மிஞ்சியது ராஜாக்களும் காலாட்களும். 58ஆவதில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார். 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன், ஏழரைக்கு ஆறரை.

இப்போது அந்தப் பையனிடம் "யானை மூலையில மாட்டிக்கிச்சு"ன்னு சொல்லுங்கள். அவனுக்குச் சரியாகப் புரியும். சென்னைக்காரர்தான் எஃப்2ஐப் பார்த்துக்கொண்டிருப்பார்.