துவரைப் பூவின் மலடு

நம் இல்லங்களில் சாம்பார் கொதிக்காத நாள் அரிது. ஆயினும் அதற்குரிய துவரை நமக்குப் போதிய அளவு விளைவதில்லை. பிற நாடுகளிலிருந்தும் தருவிக்கின்றோம். இக்குறையைப் போக்க, ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் நடந்த முயற்சியின் வரலாற்றை இங்கே காண்போம்.

1972இல் அங்கே இக்ரிசாட் என்னும் சர்வதேச ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. சோளத்தையும் கம்பையும் உயர்த்திய கலப்பின விதை, துவரையையும் உயர்த்தாதோ என்று அறிஞர் எண்ணினர். இடையூறு பூவிலேயே இருந்தது. துவரைப் பூவில் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் ஒருங்கே உள்ளன. பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே அது கருவுறும். மகரந்தம் விளையாத செடி கிடைத்தால், வேற்றினச் செடியின் மகரந்தத்தைத் தேனீயே கொணர்ந்து சேர்க்கும். 1970களில் அத்தகைய ஆண்மலட்டுச் செடிகள் கண்டெடுக்கப்பட்டன.

பூ மலடாவது எங்ஙனம்? மகரந்தப் பையின் உட்புறத்தே, வளரும் மகரந்தத்துக்கு உணவூட்டும் படலம் ஒன்று உண்டு. அதனை உருவாக்கும் கட்டளைகளை உயிரணுக்களுக்குள் செலுத்துவனவற்றுள் புரதக் கைனேஸ்கள் என்னும் நொதிகளும் அடங்கும். இவை பிற புரதங்களில் பாஸ்பேட்டைப் பொருத்தி அவற்றின் செயலை மாற்றுகின்றன. கடுகுக் குடும்பத்து அராபிடாப்சிஸ் செடியில் இத்தகைய கைனேஸ் ஒன்று பழுதுபட்டால் அப்படலமே அமையாது, மகரந்தமும் விளையாது என்பது 2002இல் வெளியாயிற்று. மலட்டுக்கு வழிகள் பல, இஃது ஒன்று.

துவரைக்கு மீள்வோம். 1991இல் ஐ.சி.பி.எச். 8 என்னும் முதற் கலப்பினத் துவரை வெளிவந்தது; 1994இல் கோயம்புத்தூரும் ஒன்றை அளித்தது. விளைச்சல் மிகுந்தது, விதைதான் பரவவில்லை. ஏன்? தாய் வரிசையில் பாதிச் செடிகளே மலடாயின. மற்றப் பாதியை, பூத்தவுடன் மகரந்தப் பையின் நிறம் பார்த்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கியெறிய வேண்டும். கூலி ஏறிற்று, விதையின் விலையும் ஏறிற்று.

விடையைத் தந்தது ஒரு காட்டு உறவு. கஜானஸ் கஜானிபோலியஸ் என்னும் காட்டினத்தைத் தாயாகக் கொண்டு கலந்தபோது, உயிரணுவின் சைட்டோபிளாசத்தின் வழியே மலடு வழிவழி இறங்கிற்று. தாய் வரிசை முழுதும் மலடாயிற்று. பிடுங்கும் வேலை ஒழிந்தது. தந்தை இனத்தின் மரபணு, கலப்பினத்தில் மகரந்தத்தை மீட்டுத் தந்தது. இம்முறையில் உருவான ஐ.சி.பி.எச். 2671, 2010இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியிடப்பட்டது.

ஆராய்ச்சி நிலையத்தில் வென்ற விதை, உழவன் தாங்கும் விலைக்கு வந்தாலன்றி வென்றதாகாது. வேண்டாக் களையென்று நாம் வெட்டியெறியும் காட்டுச் செடியைக் காப்பதும் நம் பருப்பைக் காப்பதேயாம்.